கோவாவின் அரச மருத்துவமனை: கேள்வி பதில்

பழைய கோவாவில் போர்த்துகீசியர் நிறுவிய அரச மருத்துவமனையைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: சிலர் அதை அரசாங்க மருத்துவமனை என்கிறார்கள், சிலர் துறவிகளின் மருத்துவமனை என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். 1510-இல் பீஜப்பூர் சுல்தானின் வசமிருந்த கோவாவைப் போர்த்துகீசியத் தளபதி அபோன்சோ தே அல்புகர்க் கைப்பற்றியதை அடுத்து, காயம்பட்ட சிப்பாய்களுக்காகவும் நோயுற்ற மாலுமிகளுக்காகவும் இது தொடங்கப்பட்டது. செலவு முழுவதும் அரசருடையது. நிர்வாகமோ மிசெரிகோர்தியா என்ற இல்லறத்தாரின் அறச்சபையிடம் சில காலம் இருந்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயேசு சபையினரிடம் சென்றது. மருத்துவர், மருந்தாளுநர், நாவிதர் ஆகியோர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள்; அவர்கள் அனைவருக்கும் மேலாளராக ஒரு குருவானவர் இருந்தார்.

கேள்வி: புனித சவேரியார்தான் இதை நடத்தினார் என்று படித்தேனே?

இல்லை. 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய சவேரியார் இந்த மருத்துவமனையிலேயே தங்கி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார் என்பது உண்மை. ஆனால் அது அவருடைய சொந்தத் தொண்டு. அவருடைய இயேசு சபை நிர்வாகப் பொறுப்பை ஏற்றது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

கேள்வி: உலகிலேயே சிறந்த மருத்துவமனை என்று ஒரு பிரெஞ்சுக்காரர் புகழ்ந்தாராமே, அதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அவர் எதைப் புகழ்ந்தார் என்று கவனிக்க வேண்டும். பிரான்சுவா பிரார் என்ற அந்தப் பயணி 1602-இல் மாலத்தீவில் கப்பல் உடைந்து, சில ஆண்டுகள் அங்கே சிறைப்பட்டிருந்து, 1608-இல் நோயாளியாகவும் கைதியாகவும் கோவாவுக்கு வந்து சேர்ந்தவர். தம்மைச் சிறையிலிட்ட போர்த்துகீசியரைப் புகழ அவருக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. உள்ளே வந்த நோயாளிக்கு முடி மழித்துக் குளிப்பாட்டி, அரக்குப் பூசிய கட்டிலில் மெத்தையும் வெள்ளைத் துணியும் பட்டு விரிப்பும் இட்டுப் படுக்கவைத்ததையும், சீனப் பீங்கானிலும் வெள்ளித் தட்டிலும் கோழிக்கறி பரிமாறியதையும், காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் நண்பர்கள் வந்து பார்க்க முடிந்ததையும் அவர் வியந்து எழுதுகிறார். படுக்கை, உணவு, துப்புரவு, பணிவிடை ஆகியவையே அவரைக் கவர்ந்தன. சிகிச்சையின் கதை வேறு.

கேள்வி: அவ்வளவு கவனிப்பு இருந்தும் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

17ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 சிப்பாய்கள் அங்கே இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். லிஸ்பனிலிருந்து கப்பல் வந்து சேர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். காய்கறியும் பழமும் காணாமல் ஈறு அழுகி வந்தவர்கள் கரையிறங்கியதும் நேராக மருத்துவமனைக்குத்தான் சென்றார்கள். அங்கே ஈறைத் தாக்கும் சொறிகரப்பான் (ஸ்கர்வி) நோயோடு மலேரியாவும் சீதபேதியும் வாந்திபேதியும் சேர்ந்துகொண்டன. கழிவுநீர் ஊறிய கிணறுகள் நகரத்தையே அழித்துக்கொண்டிருந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அக்கால ஐரோப்பிய மருத்துவத்திடம் சரியான மருந்து இல்லை. இரத்தம் வடிப்பதையே பெரிதும் நம்பியிருந்தார்கள். 1640-களில் இருமுறை கோவா வந்த பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே, ஒரே நோயாளிக்கு முப்பது நாற்பது முறைகூட இரத்தம் வடித்தார்கள் என்றும், பிறகு இழந்த நிறம் திரும்புவதற்குப் பன்னிரண்டு நாள் பசுவின் மூத்திரம் குடிக்கக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். ஒரு வாய் தண்ணீர் கேட்டால்கூட வேலையாட்கள் கையூட்டு எதிர்பார்த்தார்கள் என்பதும் அவர் சொல்வதே. பிராரின் காலத்துக்கும் இவருடைய காலத்துக்கும் இடையே டச்சுக்காரர்கள் கடல் வணிகத்தைப் பறித்துக்கொண்டதால் கோவாவின் கருவூலம் வற்றிப்போயிருந்தது. பக்தி குறைந்ததைவிடப் பணம் குறைந்ததே இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: உள்ளூர் மக்களுக்கு அங்கே இடம் இருந்ததா?

இல்லை. அது போர்த்துகீசியருக்கும் பிற ஐரோப்பியக் கிறிஸ்தவருக்கும் மட்டுமே உரியது. மதம் மாறிய உள்ளூர்க் கிறிஸ்தவர்களுக்குத் தனி மருத்துவமனை இருந்தது. வைத்தியர்களின் நிலைதான் வேடிக்கையானது. இந்து வைத்தியரிடம் கிறிஸ்தவர்கள் செல்லக்கூடாது என்று 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மன்றம் விதித்தது. 1618-இல் இந்து வைத்தியர்களின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டக்கூடாது என்று நகர மன்றம் வரம்பு கட்டியது. ஆனால் 1580-களில் பேராயரின் செயலாளராகவே இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அரசப் பிரதிநிதியும் பேராயரும் துறவிகளும் தம் நாட்டு மருத்துவரைவிட இந்து வைத்தியரையே அதிகம் நம்பினார்கள் என்றும், அந்த வைத்தியர்கள் குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வீதியில் சென்றார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். சட்டம் போட்டவர்களே காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

கேள்வி: தமிழகத்தில் இயேசு சபையினர் இப்படி ஏதும் நடத்தினார்களா?

தூத்துக்குடிப் பகுதிக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் நடத்தினார்கள். தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். கோவாவில் அரசர் செலவு செய்தார். இங்கே கடலோர மக்களின் காணிக்கையும் உதவியும்தான் அதைத் தாங்கின.

கேள்வி: கடைசியில் அது என்ன ஆயிற்று?

1759-இல் போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபை வெளியேற்றப்பட்டதோடு துறவிகளின் நிர்வாகம் முடிந்தது. கொள்ளைநோயால் பழைய நகரம் காலியானபோது மருத்துவமனையும் அருகிலிருந்த பானெலிமுக்கும், பின்னர் பணஜிக்கும் இடம் மாறியது. அதனுடன் இணைந்து 1842-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே, 1961-இல் கோவா இந்தியாவுடன் சேர்ந்த பிறகு கோவா மருத்துவக் கல்லூரி ஆனது. அக்கல்லூரி இப்போது பாம்போலிமில் இயங்குகிறது. பணஜியில் அது முன்பு இருந்த கட்டடத்தைச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குச் செல்பவர்கள் பார்த்திருப்பார்கள்.