இரத்தத்தில் இல்லை என்றால் விந்திலும் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 36. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஒன்றரை வருடமாக ஏஆர்டி (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) மாத்திரை எடுத்து வருகிறேன். ஆறாவது மாதம் வைரல் லோட் (ஒரு மில்லி இரத்தத்தில் உள்ள வைரஸின் எண்ணிக்கை) 64 என்று வந்தது. அதன் பிறகு செய்த இரண்டு பரிசோதனையிலும் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் இருக்கிறது. மனைவிக்குத் தொற்று இல்லை. என் நிலை அவருக்குத் தெரியும். ஆனால் பரிசோதித்தது இரத்தத்தைத்தானே? விந்தில் வைரஸ் இருந்துவிட்டால்? ஆணுறை இல்லாமல் சேரலாமா? எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும்.

பதில்: இன்றுள்ள நிலையில் உடலுறவு மூலம் உங்களிடமிருந்து உங்கள் மனைவிக்கு எச்.ஐ.வி. பரவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். மாத்திரை தடையில்லாமல் தொடரும் வரைக்கும் இந்தப் பதில் மாறாது.

விந்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. மருத்துவர்களுக்கும் பல வருடம் இருந்த சந்தேகம்தான். விந்து நீரிலும் அதிலுள்ள வெள்ளை அணுக்களிலும்தான் வைரஸ் இருக்கும். மருந்து வேலை செய்து இரத்தத்தில் வைரஸ் குறையும்போது பெரும்பாலான ஆண்களுக்கு விந்திலும் குறைந்துவிடுகிறது. ஆனாலும் இரத்தத்தில் ஒன்றுமே தெரியாத சிலருக்கு, எப்போதாவது விந்தில் மட்டும் வைரஸின் மரபணுத் துணுக்குகள் சிறிதளவு தென்பட்டதுண்டு. துணுக்கு தென்பட்டதாலேயே அது தொற்றிவிடும் என்று அர்த்தமில்லை. உடைந்துபோன வைரஸையும் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

சரி, தொற்றுமா தொற்றாதா என்பதை எப்படி முடிவு செய்வது? தம்பதிகளையே வருடக்கணக்கில் கவனித்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் நடந்த 'பார்ட்னர்' ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையர்கள் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டார்கள். தொற்று இருந்தவரின் வைரல் லோட் 200-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. 2016-இல் வந்த முதல் முடிவில் ஆண்-பெண் ஜோடிகளும் ஆண்-ஆண் ஜோடிகளும் இருந்தார்கள். ஏறத்தாழ 58,000 முறை உறவு, துணையிடமிருந்து பரவியது ஒன்றுகூட இல்லை. 2019-இல் ஆண் இணையர்களை மட்டும் வைத்து வந்த முடிவில் 782 ஜோடிகள், சுமார் 76,000 முறை. அதிலும் பூஜ்யம். அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது உண்மை. அவர்களின் வைரஸை மரபணு அளவில் ஒப்பிட்டபோது ஒன்றுகூட ஆய்வில் இருந்த துணையிடமிருந்து வந்ததல்ல என்று தெரிந்தது. சிகிச்சை இல்லாத நிலையில் பரவும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது ஆசனவாய் உறவில்தான். அதிலேயே பூஜ்யம் என்றால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்களின் விந்தில் எப்போது எவ்வளவு இருந்ததோ, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அந்த 64-ஐ மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது 200-க்கு வெகு கீழே. நன்றாக மருந்து எடுப்பவர்களுக்கும் இப்படி ஒரு தடவை லேசாக ஏறி இறங்குவது உண்டு. கண்டறியப்படாத நிலையில் உடலுறவு மூலம் பரவும் ஆபத்து இல்லை என்றும், 1000-க்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

எண்களை விட இந்தப் பயம்தான் அதிக நாள் வதைக்கிறது. இதே போன்ற ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. இரண்டு வருடமாக மனைவியும் அவரும் தனித்தனி அறை. "யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவே இல்லையே டாக்டர்" என்றார். சொல்லாமல் விட்டது எங்கள் தரப்புக் குறைதான்.

இனி கவனிக்க வேண்டியது. 'கண்டறியப்படவில்லை' என்றால் வைரஸ் போய்விட்டது என்று பொருளல்ல. சில அணுக்களுக்குள் அது பதுங்கிக்கொண்டு இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பெருகிவிடும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வேளை தவறினால் பதற வேண்டாம், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். பல நாள் தொடர்ந்து விட்டுப்போனால் மட்டும் ஆணுறைக்குத் திரும்புங்கள், மாத்திரையை மறுபடி தொடங்கி, வைரல் லோட் மறுபடி இறங்கியதைப் பார்த்த பிறகு ஆணுறையை விடலாம். அந்த இடைவெளியில் பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால் உங்கள் மனைவி 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். அது 28 நாள் மருந்து. இன்னொன்று, உங்கள் மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருந்தால் அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அதன் வேலையைக் கெடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ ஏஆர்டியைப் போடுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

மேகவெட்டை, சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்களை ஏஆர்டி தடுக்காது. எரிச்சலோ சீழோ இருந்தால் அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு விந்தைக் கழுவிச் செலுத்தும் சிகிச்சை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. இயல்பாகவே முயற்சி செய்யலாம். தொடங்கும் முன் மனைவி ஒரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளட்டும், கர்ப்பமானதும் மறுபடி ஒரு முறை. இவ்வளவு சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அவர் தினமும் எடுக்கக்கூடிய முன்தடுப்பு மாத்திரையும் இருக்கிறது. அதைக் கேட்பது உங்கள் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. அடுத்த வைரல் லோட் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் கேட்கத் தயங்கியதை அவர் மருத்துவரிடம் கேட்கலாம்.