ஒரே அச்சில் இருக்கும் டேபிள்களை ஒன்றாக்கலாமா?

மூன்று கிளைகள் உள்ள மளிகைக் கடைக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள். டேட்டாபேஸில் கிளைக்கு ஒரு விற்பனை டேபிள் (தகவல் வைக்கும் அட்டவணை) வைத்திருக்கிறீர்கள், மூன்றும் அச்சு அசல் ஒன்று. வாடிக்கையாளர் டேபிளும் சப்ளையர் டேபிளும்கூட பெயர், முகவரி, தொலைபேசி என்று ஒரே மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாமா என்பதுதானே கேள்வி?

விற்பனையை ஒன்றாக்குங்கள், முடிந்தால் இந்த வாரமே. வாடிக்கையாளரையும் சப்ளையரையும் அப்படியே விடுங்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரே ஒரு கடையாக இருந்த ஒரு வியாபாரத்துக்கு பில்லிங் எழுதிக் கொடுத்தேன். ஈசூனில் இரண்டாவது கடை திறந்தபோது விற்பனை டேபிளை அப்படியே நகல் எடுத்து, பெயரின் வாலில் ‘_ஈசூன்’ என்று சேர்த்தேன். பத்து நிமிட வேலை, முதலாளிக்கும் மகிழ்ச்சி. அப்புறம் தெம்பனீஸ், ஜூரோங் என்று வளர்ந்து கடைசியில் உட்லண்ட்ஸ் வரை ஆறு டேபிள் ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் வரிவிகிதம் என்று ஒரு நெடுவரிசை (ஆங்கில column-ஐக் காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பார்கள், அதனால் இந்தச் சொல்), டிஃபால்ட் மதிப்பு, அதாவது எதுவும் கொடுக்காவிட்டால் தானாக விழுவது, 8.

2024 ஜனவரி 1 அன்று ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 9 விழுக்காடு ஆனது. முந்தைய இரவு உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு டேபிளாக டிஃபால்ட்டை மாற்றினேன். அந்தத் தாள் உட்லண்ட்ஸ் திறப்பதற்கு முன்னால் எழுதியது. ஏப்ரலில் முதல் காலாண்டுக் கணக்கை அனுப்பத் தயார் செய்த கணக்கு அக்கா கேட்டார்: “தம்பி, உட்லண்ட்ஸ்ல மட்டும் வரி கம்மியா வருதே, என்னன்னு பாக்குறீங்களா?” மூன்று மாத பில்கள். வாங்கிப்போன ஆளைத் தேடிப்பிடித்து மீதி ஒரு விழுக்காட்டைக் கேட்க முடியுமா? முதலாளி தன் கையிலிருந்து கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வரிவிகிதத்தை டிஃபால்ட்டில் வைத்ததே முதல் தவறு, ஒத்துக்கொள்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று தனியாக ஒரு சின்ன டேபிள் வைத்து (2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9), பில் போடும்போது அந்த எண்ணை பில்லிலேயே பதிந்துவிட வேண்டும். ஆனால் ஆறு டேபிள் இல்லாமல் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த மறதிக்கே இடமில்லை. நகல் எடுத்த அன்று டேபிள்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வருடம் போனால் ஒன்றில் அஞ்சல் குறியீடு எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் கிடக்கும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து ஆறு இலக்கக் குறியீடுகள் 0-வில் தொடங்குபவை, எண்ணாகப் போட்டால் அந்த 0 காணாமல் போய்விடும். இதைத் தேடி ஒரு முழு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

சரி, எல்லாவற்றையும் ஒன்றாக்குவதே புத்திசாலித்தனம் என்று முடிவுகட்டி அடுத்த வேலையில் நேர் எதிராகப் போனேன். பொருள் வகை, பணம் செலுத்தும் முறை, அளவை, திருப்பி அனுப்பும் காரணம் எல்லாமே ஐடி (அடையாள எண்), பெயர் என்று இரண்டே நெடுவரிசைதானே என்று ‘மாஸ்டர்’ என ஒரே டேபிளில் கொட்டி, ‘வகை’ என்று மூன்றாவது நெடுவரிசையைச் சேர்த்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு நாள் தினசரி அறிக்கையில் நெட்ஸ் (கார்டு) இவ்வளவு, பேநவ் (கைப்பேசியில் அனுப்புவது) இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு என்று வந்துவிட்டு, கடைசி வரியில் “கீரை: 212 டாலர்” என்று வந்தது. யாரோ கீரை கொடுத்து சாமான் வாங்கியிருக்கிறார்கள்! பணம் செலுத்தும் முறை இருக்க வேண்டிய இடத்தில் நிரலில் இருந்த பிழையால் கீரையின் ஐடியான 14 போயிருக்கிறது. ஃபாரின் கீ (ஒரு டேபிளில் போடும் ஐடி இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கும் காவல்) என்ன செய்யும்? மாஸ்டரில் 14 இருக்கிறதா, இருக்கிறது, போ என்று விட்டுவிட்டது. பணம் செலுத்தும் முறைக்குத் தனி டேபிள் இருந்து, அதில் 14 இல்லாதிருந்தால் அந்த வரிசை (ஒரு பதிவு, ஆங்கிலத்தில் row) உள்ளேயே நுழைந்திருக்காது. இப்படி எல்லாப் பட்டியலையும் ஒரே டேபிளில் கொட்டுவதை டேட்டாபேஸ்காரர்கள் வெகு நாளாகவே கூடாது என்று சொல்லி வருகிறார்கள், நான் பட்ட பிறகுதான் படித்தேன்.

அதனால் நெடுவரிசைகள் ஒத்துப்போகின்றனவா என்று நான் இப்போது பார்ப்பதே இல்லை. ஒரு வரிசை என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன். ‘இன்று இந்த பில்லில் இவ்வளவுக்கு விற்றோம்’ என்பது சிராங்கூன் ரோடானாலும் தெம்பனீஸானாலும் ஒரே பேச்சு, இடம் மட்டும் வேறு. அந்த இடம் டேபிளின் பெயரில் இருக்கக் கூடாது, ஒரு நெடுவரிசையில் இருக்க வேண்டும். ‘இவர் நம்மிடம் வாங்குகிறார்’ என்பதும் ‘இவரிடம் நாம் வாங்குகிறோம்’ என்பதும் வேறு வேறு பேச்சு. ஆறு மாதத்தில் சப்ளையருக்கு ஜிஎஸ்டி பதிவு எண்ணும் 30 நாள் தவணையும் வரும், வாடிக்கையாளருக்கு உறுப்பினர் புள்ளிகள் வரும். ஒன்றாக்கியிருந்தால் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். காலையில் உங்களுக்கு இட்லி மாவு போட்டுவிட்டு மாலையில் உங்களிடமே உளுந்து வாங்குகிற ஆட்கள் நிறைய இருந்தால் மட்டும் பெயர், முகவரிக்கு ஒரு பொது டேபிள் வைத்து இரண்டிலிருந்தும் அதைச் சுட்டுங்கள். ஒன்றிரண்டு பேருக்காக அந்தப் பாடு வேண்டாம்.

ஒரே டேபிளில் குவித்தால் மெதுவாகாதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். கிளைக்கு ஒரு நாளைக்கு 400 பில் என்றாலும் மூன்று கிளைக்கும் வருடத்துக்கு 4,38,000 வரிசைதான். கிளை, தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பொருளடக்கம் மாதிரி) போட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு இது ஒரு சுமையே இல்லை. கோடிக்கணக்கில் வளர்ந்தால் அப்போது பார்ட்டிஷன் செய்யலாம், அதாவது ஒரே டேபிளை உள்ளுக்குள் துண்டுகளாகப் பிரிக்கலாம். போஸ்ட்கிரெஸில் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே அதற்கு நேரடி வசதி உண்டு, எதை வைத்துப் பிரிக்கிறீர்களோ அது பிரைமரி கீயிலும் (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் அடையாளம்) இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் என்றால் பார்ட்டிஷன் செய்த டேபிளில் ஃபாரின் கீ வைக்க முடியாது, அதனால் அங்கே இரண்டு முறை யோசியுங்கள்.

எக்செல் கோப்பை முதலில் இறக்கிவைத்துச் சரிபார்க்கும் தற்காலிக டேபிளுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது அச்சு அசல் நகலாக இருப்பதுதான் அதன் வேலையே.

மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். பில் எண் 1 உங்கள் மூன்று கிளையிலும் இருக்கும், எனவே தனித்தன்மையைக் கிளையும் பில் எண்ணும் சேர்ந்ததாக வையுங்கள், பில் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய டேபிள்களின் பெயரை மாற்றிவிட்டு, அந்தப் பழைய பெயர்களில் புது டேபிளிலிருந்து அந்தந்தக் கிளையை மட்டும் எடுக்கும் வியூ (தானே தகவல் வைக்காமல் வேறு டேபிளில் இருப்பதைக் காட்டுவது) ஒன்றொன்று போட்டால் இப்போதிருக்கும் அறிக்கைகள் உடையாது. பெயர் மாற்றியவற்றை உடனே அழிக்காதீர்கள். ஒரு ஜிஎஸ்டி காலாண்டு முடியட்டும், உங்கள் கடைக் கணக்கு அக்கா மூன்று கிளையின் கூட்டுத்தொகையையும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அழியுங்கள்.