பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா? நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது எப்படி?

தாராளமாக முடியும். பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லையில் உள்ள மீனாட்சிபுரம் தாண்டினால் வரிசையாக லாட்டரிக் கடைகள். தமிழ்நாட்டில் 2003இல் தடை வந்துவிட்டது. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. ‘முதல் பரிசு இந்தக் கடையில்தான் விழுந்தது’ என்று ஒரு போர்டு தொங்கும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பரிசு விழாமல் போன டிக்கெட்டுகளுக்கு யார் போர்டு மாட்டுவார்கள்? மறைத்ததுதான் வேலை செய்கிறது.

அப்பட்டமான மோசடியும் உண்டு. எண்ணைத் திருத்திய டிக்கெட்டைக் காட்டி, நடந்து விற்கும் வயதானவர்களிடம் சின்னப் பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு நழுவுவார்கள். கண் மங்கியவராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், பாவிகள். கேரள லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனையே கிடையாது. வாட்ஸ்அப்பில் விற்கிறேன் என்பவரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது இதைவிட சுவாரசியம். ஆறு இலக்கத்தில் கடைசி எண் மட்டும் மாறிப்போனால், “அண்ணே, ஒரே நம்பர்ல போச்சு!” என்பார்கள். குலுக்கலில் பக்கத்து எண்ணும் தூரத்து எண்ணும் ஒன்றுதான். ஆனாலும் ‘நெருங்கிவிட்டோம்’ என்று மனசு சொல்லும், மறுநாளும் டிக்கெட் வாங்கவைக்கும். விழுந்த ஐந்நூறு ரூபாயை ஊரெல்லாம் சொல்பவரிடம், அதற்கு முன் எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மறைக்க மாட்டார், அந்தக் கணக்கை அவர் எழுதியே வைத்திருக்க மாட்டார். தெரிந்துகொள்ள விரும்பாததைத் தேடாமல் விடுவது, அவ்வளவுதான். இதற்குப் பொய்கூடத் தேவையில்லை.