கரைக்கு வந்தும் ஆட்டம் நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. வீடு திருகோணமலையில்; கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன சனி, ஞாயிறு கூடப் படித்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்து தம்பலகாமக் குடாவில் பாய்வள்ளத்தில் போனோம். இரவும் வள்ளத்திலேயே படுத்தோம். முதல் நாள் முழுக்கச் சத்தி. தோழி தந்த டொம்பெரிடோன் இரண்டு போட்டும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சுகமாக இருந்தது. ஆனால் கரைக்கு வந்து நான்கு நாளாகியும் கட்டில் தோணி மாதிரி ஆடுகிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாடசாலைக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் ஒன்றும் இல்லை. அம்மா நரம்புத் தளர்ச்சி என்கிறார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? அடுத்த மாதமும் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

பதில்: பஸ்ஸில் மட்டும் ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். மூளையிலோ நரம்பிலோ கோளாறு என்றால் தலைச்சுற்று பஸ் ஏறியதும் இறங்கிப் போகாது. வள்ளத்தால் இறங்கியவர்களுக்கு வரும் ஆட்டம்தான் அப்படிச் செய்யும்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை அசைவதை மூளைக்குச் சொல்பவை அவைதான். முதல் நாள் வள்ளத்துக்குள் குனிந்திருந்தபோது கண் ‘எல்லாம் அசையாமல் இருக்கிறது’ என்றது, காது ‘இல்லை, ஆடுகிறது’ என்றது. அந்தச் சண்டைதான் உங்கள் சத்தி. இரண்டாம் நாள் மூளை அலையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்கூட்டியே ஈடுகொடுக்கத் தொடங்கியது. அதனால்தான் சுகமாக இருந்தது. இப்போது கரையில் அலை இல்லை, ஆனால் மூளை இன்னும் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் உண்மையான ஆட்டம் கிடைத்ததும் கணக்குச் சரியாகிவிடுகிறது.

பெரும்பாலும் ஓரிரு நாளில் இது அடங்கிவிடும், சிலருக்குக் கொஞ்சம் இழுக்கும். நான்கு நாளுக்குப் பயப்பட வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு மாதம் தாண்டினால் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போங்கள். நடுத்தர வயதுப் பெண்களில் அரிதாக இது மாதக்கணக்கில் நிற்பதுண்டு. ஆனால் பேச்சுக் குழறுதல், முகம் கோணுதல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், தாங்க முடியாத தலையிடி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதுவரை வெளியே நன்றாக நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். குளிக்கும்போது கண்ணை மூட வேண்டுமென்றால் ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். பாமசியில் ‘தலைச்சுற்றுக்கு ஒன்று தாங்கோ’ என்று கேட்டு வாங்கிக் கிழமைக்கணக்கில் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அந்தக் குளிசைகள் இந்த ஆட்டத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. காதின் சமிக்ஞையை மந்தப்படுத்தி, மூளை பழையபடி திரும்புவதையும் தாமதப்படுத்தலாம்.

டொம்பெரிடோன் ஏன் கேட்கவில்லை? அது இரைப்பையோடு சம்பந்தப்பட்ட மருந்து, உள்காதின் பாதையைத் தொடாது. கரையில் வரும் ஆட்டத்துக்கு அல்ல, வள்ளத்தில் வரும் சத்திக்கு உங்களுக்கு வேண்டியது சினரிசின் போன்ற ஒன்று. பெரியவர்களுக்கு 30 மில்லிகிராம், ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு. தேவையென்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15. சத்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் வயிறு அதை உள்ளே விடாது. நித்திரை வரும், ஆகவே பியரோடு சேர்க்கக் கூடாது, சுக்கானும் பிடிக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தால், பார்க்கின்சன் நோய் இருந்தால் டொக்டரிடம் கேளாமல் தொடவேண்டாம்.

பாலம் வருவதற்கு முன் மூதூர் லோஞ்சில் போகும்போதெல்லாம் அம்மா என் கையில் ஒரு தேசிக்காயைத் திணிப்பார். மணந்துகொண்டே போவேன், பாதி வழியில் என் சட்டையும் நாறும், தேசிக்காயும் நாறும். அதற்கு இஞ்சி மேல், சிலருக்குக் கேட்கிறது. ஆனால் எந்த மருந்தையும்விட இருக்கும் இடம் முக்கியம். வள்ளத்தின் நடுவில், வெளியில், எதிர்க்கரை மரவரிசையைப் பார்த்தபடி இருங்கள். போனைப் பையில் வையுங்கள். வயிற்றை அதிகம் பிரட்டுவது ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை வரும் மெதுவான ஆட்டம், சின்னச் சின்னக் குலுக்கல் அல்ல. குளிசை போடாத நாளில் சுக்கானைக் கேட்டு வாங்குங்கள். வள்ளம் எந்தப் பக்கம் சாயும் என்பது ஓட்டுபவரின் மூளைக்கு முன்பே தெரியும், அவருக்குச் சத்தி வருவது குறைவு.

அடுத்த மாதம் போகலாமா என்றால், இந்த ஆட்டம் முழுதாக அடங்கியிருந்தால் தாராளமாகப் போகலாம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர இடமுண்டு, நீரில் இருக்கும் நேரம் கூடக் கூட அதுவும் கூடும். எனவே கச்சான் காற்று பலமாக அடிக்காத காலை நேரத்தில் போய்விட்டு, இரவு படுக்கையை மட்டும் கரையில் போடுங்கள்.