அத்திப்பள்ளி நிலம்: அலைய வேண்டிய இடம் வேறு

அப்பா காலமான பிறகு கர்நாடகத்தில் அத்திப்பள்ளிப் பக்கத்து இருபது குண்டே (அரை ஏக்கர்) நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்த் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். வாரிசுரிமைக்குப் பத்திரப் பதிவு வேண்டாம், அதனால்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வாரிசு பெயருக்குப் பட்டா மாறுதல் என்பதற்கு இங்கே கர்நாடகத்தில் பௌதி காதே என்று பெயர். பட்டா, சிட்டா என்று கேட்டால் விழிப்பார்கள். பஹணி என்று கேளுங்கள், நிலத்தின் உரிமையாளர், அளவு விவரங்கள் உள்ள ஆவணம் அது. ஆனேக்கல் தாலுகாவில் கசபா, அத்திப்பள்ளி, ஜிகணி, சர்ஜாபுரம் என்று நான்கு ஹோப்ளிகள். ஹோப்ளி என்றால் நம் குறுவட்டம் மாதிரி. உங்கள் ஹோப்ளியின் நாட கச்சேரியில் (ஹோப்ளி அளவிலான வருவாய்த்துறை அலுவலகம்) இறப்புச் சான்றிதழ், வம்சாவளி (குடும்ப உறவுப் பட்டியல்), பஹணி நகல் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள்.

உண்மையான தலைவலி பெயரில்தான். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை. பழனி என்பவர் பஹணியில் பளனி ஆகிவிடுவார். தலைப்பெழுத்து காணாமல் போகும் அல்லது பின்னால் ஒட்டிக்கொள்ளும். என் மாமனார் மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருந்தார்! வெவ்வேறு விதமாக எழுதிய பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நாங்கள் அதை எடுக்காமல் போய் ஒரு மாதத்தைத் தொலைத்தோம்.

அக்கா, தங்கை இருந்தால் வம்சாவளியில் அவர்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆட்சேபம் வந்தால் தாசில்தார் விசாரிப்பார். அவர் உத்தரவின் மீது உதவி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நாற்பது குண்டே ஒரு ஏக்கர். ஆக உங்களுடையது ஐம்பது சென்ட். பஹணியில் அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.