தந்தி தாத்தா பதில்கள்

கேள்வி: சொந்த ஊர் கோவில்பட்டி. போன மாதம் பெங்களூருவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் எங்கள் பன்னிரண்டு பேரையும் வட்டமாக உட்கார வைத்து, ‘உங்களைப் பற்றியும் உங்கள் பொழுதுபோக்கு பற்றியும் சொல்லுங்கள்’ என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர் இமயமலை ஏறியிருக்கிறாராம், கிடார் வாசிப்பாராம். நான் பெயர், காலேஜ், ‘புத்தகம் படிப்பேன், பாட்டு கேட்பேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பா கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறார். என்னிடம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? அடுத்த வாரம் வேறு டீம். மறுபடியும் இதே சடங்கு.
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஏன் தாயி, கையில் கடலைமிட்டாயை வைத்துக்கொண்டு கிடாருக்கு ஏங்குகிறீர்கள்?

நான் எட்டயபுரம் பக்கம். 1979-ல் தந்தி ஆபீஸில் சேர்ந்த அன்று எனக்கும் இதே கதிதான். சீனியர் ஒருவர், ‘தம்பிக்கு என்னவெல்லாம் பிடிக்கும்?’ என்றார். மாடு மேய்த்ததையும் கிணற்றில் குதித்ததையும் சொல்ல வெட்கமாக இருந்தது. கெத்தாக இருக்கட்டும் என்று ‘செஸ்’ என்றேன். காய்களின் பெயர் தெரியும், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் மனிதர் பலகையோடு வந்து நின்றார். ஆபீஸே சுற்றி நின்று பார்க்க, நாலாவது நகர்த்தலில் என் ராஜா காலி. அன்றிலிருந்து என் பெயர் ‘நாலு மூவ்’. 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடினார்கள். அன்றைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. அந்தக் கணக்கில் ‘பாட்டு கேட்பேன்’ இரண்டும் தண்டம். காது உள்ள எல்லோரும்தான் கேட்கிறார்கள், அதில் கேட்பவர் என்ன கேள்வியைப் போடுவார்? அதற்குப் பதிலாக இதைச் சொல்லிப் பாருங்கள்: ‘எங்கள் அப்பா வெல்லப் பாகு காய்ச்சுகிறவர். தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போடுவார். டங்கென்று சத்தம் வந்தால் பதம். அப்புறம்தான் கடலையைக் கொட்டுவார். கொஞ்சம் பிந்தினால் கசந்துவிடும்.’ பதம் என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று அகராதியைப் புரட்ட வேண்டாம். பதம் என்றே சொல்லிவிட்டுக் கையால் உருட்டிக் காட்டுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதையே முதலில் எடுத்துவிடாதீர்கள், பொது அறிவு வகுப்பு மாதிரி ஆகிவிடும். மேலே ரோஸும் பச்சையுமாகத் தேங்காய்த் துருவல் தூவிய நாலு பாக்கெட் பையில் இருந்தால், நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

புத்தகம் படிப்பது நிஜம்தானே? அப்படியென்றால் கடைசியாக எதைப் பாதியில் மூடினீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். சண்டைக்கு ஒரு ஆளாவது கிடைப்பார்.

கேள்வி: ஆசிரியராக மாற்றலாகிப் புதிய ஊருக்கு வந்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ‘சார் எந்த ஊர்?’ என்று ஆரம்பிக்கிறார்கள். சொன்னால் ‘ஊருக்குள் எந்தத் தெரு?’, பிறகு ‘குலதெய்வம் எது?’ பழக்கத்துக்காகக் கேட்கிறார்களா, வேறு எதற்குமா?
- ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்களுக்கே தெரிந்திருக்கிறது சார், என் வாயால் கேட்க ஆசைப்படுகிறீர்கள். தபால் போடுவதற்காக யாரும் தெருப் பெயர் கேட்பதில்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நம் பக்கம் பெயரிலிருந்து அது பெரும்பாலும் போய்விட்டது. வாசல் வழியாகப் போனது இப்போது தெரு வழியாக வருகிறது.

ஊரைச் சொல்லுங்கள், அங்கே எந்தக் கடையில் புரோட்டா நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தெரு என்று வந்தால், ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் சார்’ என்று சிரித்துவிட்டு, ‘ஒன்பதாம் வகுப்பு டைம்டேபிளை யார் போடுகிறார்கள்?’ என்று கேளுங்கள். டைம்டேபிள் பேச்சு வந்தால் ஸ்டாஃப் ரூமில் வேறு எதுவும் நிற்காது. அதற்கும் மசியாமல் ஒருவர் மூன்றாம் தடவை கேட்டால், ‘எதற்குக் கேட்கிறீர்கள்?’ என்று நேராகவே கேட்டுவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்டவர்தான் பதில் தேட வேண்டும்.

கேள்வி: கம்பெனி படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் இனிஷியலை விரித்து எழுதினேன். இப்போது புனே ஆபீஸில் எல்லோரும் என்னை ‘முருகேசன்’ என்று அப்பா பெயரில் அழைக்கிறார்கள். நான் பெண்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அடுத்த மீட்டிங்கில் பேச ஆரம்பிக்கும்போதே, ‘முருகேசன் திண்டுக்கல்லில் இருக்கிறார், இப்போது கடைக்குப் போயிருப்பார், அவர் மகள்தான் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், புனேயில் அவருக்கு நல்ல பெயராம்.