சிறுநீர் முட்டினாலும் நம்மால் எப்படி அடக்க முடிகிறது?

சிறுநீர்ப்பை என்பது விரிந்து கொடுக்கும் ஒரு தசைப் பை. சிறுநீரகங்களிலிருந்து சிறுகச் சிறுக வந்து சேருவதைத் தேக்கி வைப்பதுதான் நாளின் பெரும்பகுதி அதன் வேலை. அப்போது ஒருவகை நரம்புகள் பையைத் தளர்வாகவும் அதன் வாயை இறுக்கமாகவும் வைத்திருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது.

சுமார் 150–200 மில்லி சேர்ந்ததும் பையின் சுவர் இழுபட, தண்டுவடம் வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. மூளைத்தண்டில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் அதைப் போட, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை சம்மதிக்க வேண்டும். மணி அடித்தாலும் வீட்டுக்காரர் சொல்லாமல் கதவைத் திறக்காத காவலாளி மாதிரி. கைக்குழந்தைகளிடம் இந்த வீட்டுக்காரர் இன்னும் பொறுப்பேற்கவில்லை, அதனால்தான் டயப்பர்.

சரி, அனுமதி கிடைத்ததும்? முதலில் வாய்த்தசை தளரும், அப்புறம்தான் பை சுருங்கும். இந்த வரிசை முக்கியம். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் சிலருக்கு இது குலைந்து, பை சுருங்கும்போதே வாயும் இறுகிக்கொள்ளும். அழுத்தம் கூடி சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

முட்டினாலே பை நிறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பெரியவர்களுக்குப் பொதுவாக 400–500 மில்லி வரை பிடிக்கும்; முதல் உணர்வு வெறும் முன்னறிவிப்புதான்.